விளக்குக்காரியின் காலிக் கை

ஒரு பொம்மையின் உள்ளங்கையில் ஓட்டை போட்டிருந்தால், அதில் வைக்க ஏதாவது ஒன்று எங்கேயாவது இருக்கத்தானே வேண்டும்? சும்மா யாராவது ஓட்டை போடுவார்களா? இந்தக் கேள்விதான், கண்ணுகளா, மஞ்சுளாவை ஒரு வாரம் தூங்கவிடாமல் செய்தது. தூங்கவிடாமல் என்றால் நிஜமாகவே இல்லை. ஆறு மணி ஷிப்டுக்குப் போகிறவளுக்குப் படுத்ததும் தூக்கம் வந்துவிடும். ஆனால் விழித்திருந்த நேரமெல்லாம் அந்த ஓட்டை கூடவே இருந்தது.

மஞ்சுளா பிள்ளைப்பாக்கத்துப் பெண். அப்பாவுக்கு இன்னும் ஒரு ஏக்கர் நெல் இருக்கிறது. அவள் வேலை செய்தது ஒரு பொம்மைத் தொழிற்சாலையில். பக்கத்துத் தொழிற்சாலைகள் காருக்கு உதிரிப் பாகமும் போனும் செய்ய, இவர்கள் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ராணியும் ராட்சசனும் செய்துகொண்டிருந்தார்கள். மூன்று வருடமாக அவள் டிரெய்னி. அந்தச் சனிக்கிழமை நிரந்தர வேலைக்கான பட்டியல் ஒட்டப்போகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். தன் பெயர் அதில் வரும் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அம்மாவிடம் மட்டும் சனிக்கிழமை பாயசம் வைக்கச் சொல்லியிருந்தாள்.

திங்கட்கிழமை லைன் ரெண்டுக்குப் புது பொம்மை வந்தது. டொராவெல் என்று ஒரு உலகம். டப்பாவில் அப்படித்தான் போட்டிருந்தது. அந்த உலகத்தின் ராணி இவள். ஒரு சாண் உயரம், மயில்கழுத்து நிறத்தில் அங்கி, நெற்றியில் மூன்று வெள்ளிப் புள்ளி. கூடவே விரல் நீளத்துக்கு ஒரு விளக்கு. அந்த விளக்கின் காம்பைக் கையில் செருக வேண்டும்.

எந்தக் கையில்? அங்கேதான் வந்தது வினை.

இரண்டு கையிலும் ஓட்டை இருந்தது. மாதிரிக்கென்று வெளிநாட்டிலிருந்து வந்த பொம்மையில் விளக்கு வழியிலேயே கழன்று, பையின் அடியில் கிடந்தது. வேலை முறைத்தாளில் "விளக்கைக் கையில் பொருத்தவும்" என்று மட்டும் எழுதியிருந்தது. பக்கத்தில் இருந்த படம் நகல் எடுத்து நகல் எடுத்து, அடுப்புக்கரி பூசினதுபோல் ஆகியிருந்தது.

முதல் பொம்மையை மஞ்சுளாதான் பூட்டினாள். விளக்கை எடுத்தாள், பொம்மையின் வலது கையில் வைத்தாள். கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. கட்டை விரலால் ஓர் அழுத்து அழுத்தினாள், போய்விட்டது. அவள் யோசிக்கவே இல்லை, கண்ணுகளா. பக்கத்தில் இருந்த சின்னப்பொண்ணு அக்காவும் யோசிக்கவில்லை. லைனில் இருந்த பதினாலு பேரில் ஒருவரும் யோசிக்கவில்லை. விளக்கை இடது கையில் பிடித்துக்கொண்டு ஒருத்தி வருவாள் என்ற நினைப்பு அந்த ஊரில் யாருக்கு வரும்? சூப்பர்வைசர் பாலாஜி வந்தார், முதல் பீஸை ஒரு தடவை திருப்பிப் பார்த்தார், தாளில் கையெழுத்துப் போட்டார். லைன் ஓட ஆரம்பித்தது.

வலது கையில் விளக்கு நின்றதும் இடது கை ஓட்டை காலியாகக் கிடந்தது. அதைத்தான் மஞ்சுளா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னாடி, அந்தக் கையையே நோண்டிக்கினு கீற?" என்றாள் சின்னப்பொண்ணு. பென்னலூர்க்காரி, நாற்பது வயசு, லைனில் எல்லோருக்கும் அக்கா. டப்பாவில் பொம்மையை வைத்து மூடுவது அவள் வேலை.

"இதுல வெக்க ஒண்ணும் குடுக்கலியே அக்கா."

"குடுக்கலன்னா வுடு. ராணிக்கு ஒரு கை சும்மா இருந்தா இன்னா? நமக்குத்தான் ரெண்டு கையும் பத்தல."

"சும்மா எதுக்கு ஓட்ட போடுவான்?"

"காத்து வாங்க," என்றாள் சின்னப்பொண்ணு. "எங்க வூட்டுக்காரரு லுங்கியில கூடத்தான் ஓட்ட கீது. அதுல இன்னாத்த வெக்கறது?"

லைன் முழுக்கச் சிரித்தது. சிரித்தபடியே ஆளுக்கொரு கதை கட்டினார்கள். ராணி கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகிறாள், காலிக் கையில் பெட்டி இருந்தது, பஸ்ஸில் விட்டுவிட்டாள் என்றாள் ஒருத்தி. பெட்டி இல்லை, பால் தூக்கு என்றாள் இன்னொருத்தி. யாருக்கும் உண்மைக் கதை தெரியாது. அந்த பொம்மைக்குக் கார்ட்டூன் உண்டு என்று டப்பாவில் எழுதியிருந்தது. ஆனால் அது இங்கே எந்த டிவியிலும் வருவதில்லை. ஆளில்லாத கல்யாணத்துக்குப் பந்தி பரிமாறுகிற மாதிரி, கதை தெரியாமலேயே ராணிக்குக் கைகால் பூட்டிக்கொண்டிருந்தார்கள். பேரும் அவர்களே வைத்தார்கள். விளக்குக்காரி.

சாயங்காலம் என்று சொல்ல முடியாது, ரெண்டு மணிக்கே ஷிப்ட் முடிந்துவிடும். கம்பெனி பஸ்ஸில் மஞ்சுளாவின் பக்கத்து சீட்டு எப்போதும் வினோதினிக்கு. வினோதினிக்குச் சொந்த ஊர் காஞ்சிபுரம் பக்கம். இருங்காட்டுக்கோட்டையில் ரூம் எடுத்து இன்னும் மூன்று பேரோடு தங்கியிருந்தாள். அவள் லைன் நாலு. ரெண்டுக்கும் நாலுக்கும் நடுவில் கண்ணாடிச் சுவர். ஒரு லைன் ஆள் இன்னொரு லைனுக்குள் போகக்கூடாது. பொம்மையின் ஒரு விரலைக்கூட வெளியே கொண்டுவர முடியாது, வாசலில் சோதனை உண்டு. அதனால் பஸ்ஸில் வாயால்தான் பொம்மையை வரைந்து காட்ட வேண்டும்.

"உன் லைன்ல இன்னா ஓடுது?" என்று கேட்டாள் மஞ்சுளா.

"ஒரு குட்டி. முயல் காது, மனுச மூஞ்சி. உன் சுண்டு விரல் உசரம்தான் இருக்கும். காதுக்குட்டின்னு கூப்டறோம். அதுக்கு ஒரு வியாதி."

"இன்னா வியாதி?"

"இடது உள்ளங்கையில ஒரு முள்ளு மாதிரி நீட்டிக்கினு கீது. நான் மொதல்ல பிளாஸ்டிக் மிச்சம்னு நெனச்சி ரெண்ட வெட்டிட்டேன். அப்புறம் பாத்தா எல்லாத்துக்கும் கீது. டிசைனே அப்டியாம். செம திட்டு."

மஞ்சுளா ஜன்னல் பக்கம் திரும்பியவள், அப்படியே இந்தப் பக்கம் திரும்பினாள். "என் ராணி கையில ஒரு ஓட்ட கீது வினோ."

"சரி."

"உன் குட்டி கையில முள்ளு கீது."

வினோதினி நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு, "டப்பாவுல பேரு இன்னா போட்டுக்கீது?" என்றாள்.

"டொராவெல்."

"என்னிதும் அதான்."

ஆனால் ஓட்டையும் முள்ளும் ஒரே பஸ்ஸில் சந்திக்க முடியாதே. என்ன செய்வது? செவ்வாய்க்கிழமை மஞ்சுளா ஒரு காரியம் செய்தாள். இடைவேளையில், தரை பெருக்கும் விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சி உருவினாள். ஈர்க்குச்சி நுனியில் மெலிசு, அடியில் தடிப்பு அல்லவா? நுனியை பொம்மையின் காலி இடது கைக்குள் விட்டுத் தள்ளினாள். எந்த இடத்தில் ஆடாமல் நின்றதோ அந்த இடத்தில் நகத்தால் கீறி, ஒடித்தாள். ஓட்டையின் அளவு இப்போது அவள் கையில் ஒரு குச்சியாக இருந்தது.

வாசலில் சோதனை போடும் அம்மா குச்சியை எடுத்துப் பார்த்தாள். "இன்னா இது?"

"பல்லு குத்தறதுக்கு."

"கேன்டீன்ல இன்னிக்கி சிக்கனா? சொல்லவே இல்ல," என்று திருப்பிக் கொடுத்தாள் அந்த அம்மா.

பஸ்ஸில் குச்சி கை மாறியது. புதன்கிழமை வினோதினி அதைக் காதுக்குட்டியின் முள்ளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மதியம் பஸ் ஏறும்போதே தலையை ஆட்டினாள்.

"பொருந்தல மஞ்சு. உன் குச்சி தடி. என் முள்ளு அதவிட மெலிசு. உன் ஓட்டையில வுட்டா லொடலொடன்னு ஆடும்."

மஞ்சுளாவுக்கு அழுகை வருகிற மாதிரி ஆகிவிட்டது. அடுத்தவர் வீட்டு விடுகதைக்கு அழுகை எதற்கு என்று அவளுக்கே வெட்கமாகவும் இருந்தது. ஆனால் வினோதினி சும்மா வரவில்லை. அவளும் ஓர் ஈர்க்குச்சி ஒடித்து வந்திருந்தாள், முள்ளின் பருமனுக்குச் சரியாக.

"இத வெச்சிக்கோ. எதுலயாவது பொருந்துதா பாரு."

அந்த மெலிந்த குச்சியை விரலில் உருட்டிக்கொண்டே வந்தாள் மஞ்சுளா. பஸ் பிள்ளைப்பாக்கம் ஏரியைத் தாண்டியபோது அவள் கட்டை விரல் திடீரென்று எதையோ நினைவுபடுத்தியது. வலது கை. வலது கையில் விளக்கை வைக்கும்போதெல்லாம் அழுத்த வேண்டியிருந்ததே. மூன்று நாளாக அந்த விரல் நுனி சிவந்து கிடக்கிறதே. அது ஏன் இறுக்கமாக இருந்தது?

அந்தக் கேள்வி வந்ததும் குச்சியைக் கைப்பைக்குள் பத்திரமாக வைத்தாள்.

வியாழக்கிழமை லைன் ஓடத் தொடங்குமுன், விளக்கு பூட்டாத ஒரு ராணியைக் கையில் எடுத்தாள். மெலிந்த குச்சியை வலது கையில் விட்டாள். ஊசியில் நூல் போல் போய் நின்றது, ஆடவில்லை. விளக்கை எடுத்து இடது கையில் வைத்தாள். அழுத்தவே வேண்டாம். டக்கென்று உட்கார்ந்தது.

விளக்கு இடது கைக்கு. வலது கை அந்தக் குட்டிக்கு.

அதுவரை ஆயிரத்து நானூறு விளக்குக்காரிகள் டப்பாவுக்குள் போயிருந்தார்கள், தப்பான கையில் விளக்கோடு. கண்டெய்னர் சனிக்கிழமை கிளம்பும். முதல் பீஸ் பூட்டியது மஞ்சுளா என்று தாளில் அவள் பெயர் இருந்தது. பட்டியல் ஒட்டுவதும் அதே சனிக்கிழமை. அந்த வியாழக்கிழமையும் அவள் வலது கையிலேயே பூட்டினாள்.

அன்று மதியம் பஸ்ஸில் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். வினோதினி டப்பாவிலிருந்த இங்கிலீஷ் எழுத்துகளை உள்ளங்கையில் பேனாவால் எழுதி வந்திருந்தாள். போனில் அதை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டித் தேடினாள். கார்ட்டூன் வந்தது. அதில் பேசிய பாஷை இரண்டு பேருக்கும் புரியவில்லை. அதனாலென்ன, கதைக்குக் கண் போதும்.

டொராவெல்லில் சூரியன் இல்லை. யாரோ ஒருவன் மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டான். அங்கே நிழல்கள் தரையில் கிடப்பதில்லை, எழுந்து நடக்கின்றன. தனியாகப் போகிற ஆளைக் கண்டால் வாயைத் திறக்கின்றன. இருவர் கைகோத்துப் போனால் ஒன்றும் செய்யாமல் நாய் மாதிரி பின்னாலேயே வருகின்றன. ஒரு கயிற்றுப் பாலம். அதன் இந்த முனையில் காதுக்குட்டி தன்னந்தனியாக நிற்கிறது. காது இரண்டையும் கண்ணுக்கு மேல் மடித்துக்கொண்டு நடுங்குகிறது. ராணி வருகிறாள். அவள் வலது கையில்தான் விளக்கு. நின்று குட்டியைப் பார்க்கிறாள். விளக்கை இடது கைக்கு மாற்றிக்கொள்கிறாள். காலியான வலது கையை நீட்டுகிறாள்.

"பாத்தியா," என்றாள் வினோதினி மெதுவாக. "நல்ல கைய அதுக்குக் குடுக்கறா."

மஞ்சுளா அந்த இடத்தை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தாள். அவள் ஊர் பஸ் ஸ்டாப் வந்து டிரைவர் ஹாரன் அடித்தார்.

"யாருக்கும் தெரியாது மஞ்சு," என்றாள் வினோதினி, மஞ்சுளா இறங்குமுன். "சனிக்கெழம பட்டியலு. ரெண்டு நாளு வாய மூடிக்கினு இரு. பொம்மதானே."

"ஆமா, பொம்மதான்," என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

வீட்டில் அம்மா பாயசத்துக்கு வெல்லம் வாங்கி வைத்திருந்தாள். மஞ்சுளா அதைப் பார்த்தாள், எடுத்து டப்பாவில் போட்டு மூடினாள். அவளுக்குப் பெரிய தத்துவமெல்லாம் தோன்றவில்லை, கண்ணுகளா, நான் கூட்டிச் சொல்லமாட்டேன். ஒரே ஒரு படம்தான் கண்ணில் நின்றது. எங்கேயோ ஒரு குழந்தை ராணியை ஒரு பண்டிகைக்கும் குட்டியை இன்னொரு பண்டிகைக்கும் வாங்கி வைத்துக்கொண்டு, குட்டியின் கையை ராணியின் கையில் கோக்கப் பார்க்கிறது. அங்கே விளக்கு இருக்கிறது. மற்றக் கையில் வைத்தால் லொடலொடவென்று கழன்று விழுகிறது. அந்த விளையாட்டில் குட்டியை நிழல் தின்றுவிடுகிறது. ஏன் என்று அந்தக் குழந்தைக்குத் தெரியவே போவதில்லை. ஏன் என்று தெரியாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது மஞ்சுளாவுக்கு அந்த வாரம் நன்றாகத் தெரிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலை, பாலாஜி டீ குடித்துக்கொண்டிருந்தபோது போய் நின்றாள்.

"சார், வெளக்கு தப்பான கையில போட்டுக்கினு கீறோம்."

பாலாஜி டீயைக் கீழே வைத்தார். முப்பத்தைந்து வயசு, நல்ல மனுஷன்தான், ஆனால் எதற்கும் முதலில் பயப்படுவார். "யார் சொன்னது?"

"ஓட்ட சொல்லுது சார்."

அவள் குச்சியை வைத்துக் காட்டினாள். விளக்கை வைத்துக் காட்டினாள். குட்டியைப் பற்றிச் சொன்னாள். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"இன்னிக்கி எதுக்கு இத சொல்ற? பட்டியலு நாளைக்கி ஒட்டறாங்க. மொத பீஸ் தாள்ல என் சைன் கீது. வண்டி போயிடட்டும். அடுத்த லாட்ல கைய மாத்திக்கலாம், ஒருத்தனும் கேக்கமாட்டான்."

"கொழந்தைங்க கேக்கும் சார்."

"கேட்டா நமக்குக் கேக்குமா?"

அவள் ராணியை டீ கிளாஸுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். நகரவில்லை. பாலாஜி அவளை ஒருமுறை பார்த்துவிட்டு லைன் நாலுக்குப் போனார். அவர் போகலாம், அவருக்கு அனுமதி உண்டு. ஒரு காதுக்குட்டியை வாங்கிவந்து ராணிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். குட்டியின் கையை ராணியின் வலது கைக்குள் வைத்தார். டிக் என்று ஒரு சின்னச் சத்தம். ராணியைத் தூக்கினார், குட்டியும் கூடவே தொங்கி வந்தது. கழற்றினார், மறுபடி வைத்தார். டிக். மூன்றாம் முறையும் வைத்துப் பார்த்தார். அவர் முகத்தில் பயம் இருந்தது, ஆனால் வேறொன்றும் வந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

"அட," என்றார். பிறகு, "எத்தன பொட்டி போயிருக்கு?"

தர மேலாளர் ஜெகநாதன் லைனுக்கே வந்துவிட்டார். கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு பார்த்தார். வெளிநாட்டுக்கு மெயில் போனது, மதியத்துக்குள் பெரிய படம் ஒன்று வந்தது. இடது கையில் விளக்கு, வலது கையில் குட்டி. கண்டெய்னர் நிறுத்தப்பட்டது.

"முதல் பீஸ் யார் பண்ணது?" என்றார் ஜெகநாதன்.

"நான்தான் சார்," என்றாள் மஞ்சுளா.

"நான் சைன் பண்ணேன் சார்," என்றார் பாலாஜி, கொஞ்சம் தாமதமாக. ஆனால் சொன்னார்.

"ரெண்டு கையிலயும் ஓட்டை இருக்கு. சந்தேகம் வந்திருக்கணுமே. ஏன் வலது கைன்னு முடிவு பண்ணீங்க? ஒருத்தருக்குமா தோணல?"

சின்னப்பொண்ணு தன் மேஜையிலிருந்து ஒரு விளக்கை எடுத்தாள். "சார், இத கொஞ்சம் புடிங்க," என்று நீட்டினாள்.

ஜெகநாதன் கையை நீட்டி வாங்கினார்.

வலது கையில் வைத்திருந்த பேனாவை இடது கைக்கு மாற்றிவிட்டு, வலது கையால்.

லைனில் யாரும் சிரிக்கவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். அவர் தன் கையைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார், நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கீழே இறக்கினார். "சரி," என்றார். "தாள்ல அம்புக்குறி போட்டு, எந்தக் கைன்னு எழுதணும். அது எங்க தப்பு." பிறகு மஞ்சுளாவைப் பார்த்து, "இது எப்படித் தெரிஞ்சுது?" என்றார். அவள் ஈர்க்குச்சிகள் இரண்டையும் மேஜையில் வைத்தாள். அவர் அவற்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

வெள்ளியும் சனியும் டப்பா டப்பாவாகப் பிரித்தார்கள். பொம்மையின் வலது கையை வெந்நீரில் முக்கினால் பிளாஸ்டிக் இளகும், விளக்கை வலிக்காமல் உருவலாம். வலிக்காமல் என்று சின்னப்பொண்ணுதான் சொன்னாள். அப்படியும் முப்பத்தெட்டு ராணிகளுக்கு வலது கை விரிந்து போயிருந்தது. மஞ்சுளா முதல் நாள் அதிகம் அழுத்தியவை. அவற்றுக்கு வேறு கை பூட்ட வேண்டியிருந்தது. அந்த முப்பத்தெட்டையும் அவளே உட்கார்ந்து மாற்றினாள்.

சனிக்கிழமை பட்டியல் ஒட்டினார்கள். அதில் மஞ்சுளாவின் பெயர் இல்லை. மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று பாலாஜி வந்து சொன்னார். சொல்லும்போது அவளைப் பார்க்கவில்லை. அவருக்கும் ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்திருந்தது, அதைச் சட்டைப்பையில் நான்காக மடித்து வைத்திருந்தார். "பேசிப் பாத்தேன்மா," என்றார். அவள் தலையசைத்தாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள். வினோதினி, "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்லவில்லை. ஒரகடத்திலிருந்து வரும் லாரிகளின் புழுதி உள்ளே வராமல் ஜன்னலை இழுத்து மூடினாள்.

"பாயசம் வெச்சிருப்பாங்களா?" என்று கடைசியில் கேட்டாள்.

"வெல்லம் கீது. வெக்கச் சொல்லணும். ராணி கைய சரி பண்ணதுக்குன்னு சொல்லி வெச்சிடலாம்."

"அப்ப நானும் வரேன்." வினோதினி கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள். "மஞ்சு, பஸ் ஏறனதுலேர்ந்து ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். நீ அழுவறியேன்னு சொல்லல."

"இன்னா?"

"காதுக்குட்டிக்கு வலது கையில ஒரு ஓட்ட கீது."

மஞ்சுளா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ராணி ஒரு பக்கம் பிடித்திருக்கிறாள். அப்படியென்றால் அந்தப் பக்கம் பாலத்தில் இன்னும் யாரோ நிற்கிறார்கள், இந்தக் குட்டியை விடவும் சின்னதாக.

"எவ்ளோ பெருசு ஓட்ட?" என்றாள்.

வினோதினி கைப்பையைத் திறந்து, தேடி, ஓர் ஈர்க்குச்சியை எடுத்தாள். நூல் பருமன்தான் இருந்தது அதன் நுனி.